பிடியில் ஒரு கறுப்புக் கோடு

“நல்லாருக்குன்னு சொல்றவன் வாயப் பாக்காதீங்கடா, அவனோட...” என்று பெரியப்பா ஆரம்பிப்பார். அதற்கு மேல் எதைப் பார்க்கச் சொன்னார், கையையா, கண்ணையா, தட்டையா, அருளப்பனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் அகப்படவில்லை. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்தவர், வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிக்கிறவர், முடிக்கிற இடத்தில் இருமல் வந்துவிடும். வாக்கியம் போய் இருமல்தான் இப்போது காதில் தெளிவாக நிற்கிறது. மதியம் சாப்பிட்டு வந்து பட்டறையில் உட்கார்ந்ததிலிருந்து அந்தச் சொல் மீன்முள் மாதிரி எங்கோ குத்திக்கொண்டே இருக்கிறது. எதிரே பெஞ்சில் இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வளர்மதியின் கத்தி, அலகுக்குத் துணி சுற்றி, பிடி மேலே தெரிகிற மாதிரி. கடற்கரைப் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டில் தலைமைச் சமையல்காரி அவள். போன பொங்கல் கழிந்து அருளப்பன் அவள் கைக்கென்றே செய்து கொடுத்த கத்தி இது. எண்ணெய் போட்டுத் தரச் சொல்லி இன்றைக்கு மதியம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், சாயங்கால வேலைக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்வாள். பக்கத்தில் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் எட்டு அலகுகள். அவள் முதலாளி இரண்டாவதாக ஒரு கடை திறக்கிறார், வளர்மதி கத்தி மாதிரியே எட்டு வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார், வில்லியனூர்க் கொல்லன் தட்சிணாமூர்த்தி அலகு அடித்துக் கொடுத்துவிட்டான். எட்டுக்கும் பூவரசம் பலகை ஜோடி ஜோடியாக அறுத்து, அதே வளைவு, விரல் உட்கார அதே நாலு பள்ளம், உப்புத்தாள் போட்டு முடித்தாகிவிட்டது. இன்றைக்குப் பசை கலந்து ஒட்டி ரிவிட் அடிக்க வேண்டும், அடித்துவிட்டால் உடைத்தால்தான் கழற்ற முடியும். எட்டும் இப்படி ஆனதற்குக் காரணம் வளர்மதி சொன்ன ஒரே வார்த்தை, நல்லாருக்குண்ணா. அந்த வார்த்தையை நம்பித்தான் எல்லாம் நடந்திருக்கிறது, இப்போது பார்த்தால் பிடியில் ஒரு கறுப்புக் கோடு.

நூல் அளவுதான். இரண்டாவது பள்ளத்துக்கும் மூன்றாவது பள்ளத்துக்கும் நடுவில், ரிவிட்டின் வட்டத்தை ஒட்டி. முதலில் மரத்தின் ரேகை என்றுதான் நினைத்தான். நகத்தால் நெருடினால் ஒட்டியது, இழுபட்டது, மோந்து பார்த்தால் எலக்ட்ரீஷியன் பையிலிருந்து வருகிற அந்த நெடி. டேப். கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பிசின். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது மற்றதும் தெரிந்தது. பிடியின் இரண்டு முனையும் கை எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது, நடுவில் மட்டும் மரம் வெளுப்பாக, அன்றைக்குச் செய்தது மாதிரி, வாட்ச் கழற்றிய மணிக்கட்டு மாதிரி. அப்படியானால் ஒரு நாள் இரண்டு நாள் சுற்றியது இல்லை. மாசக்கணக்காகச் சுற்றியிருக்கிறது. சுற்றி வேலை செய்துவிட்டு, இவனிடம் வரும்போது மட்டும் உரித்துக் கொண்டுவருகிறார்கள். போன முறையும் உரித்துத்தான் வந்ததா, அப்போது யாராவது மண்ணெண்ணெய் தொட்டு ஒழுங்காகத் துடைத்தார்களா, இந்த முறை அவசரமா. நல்லாருக்குண்ணா என்று சொல்லும்போது அவள் அந்த ண்ணாவை இழுத்தாள். அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டான். குழந்தை கிறுக்கின படத்தைக் காட்டினால் நாம் இழுக்கிற இழுவை அது, இப்போது நினைத்தால் அதேதான். அந்தச் சமையல்கட்டில் இவனுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பிரான்ஸ் மாமா. பிரான்ஸ் மாமா வராரு, டேப்ப உரிங்கப்பா. உரித்துச் சுருட்டிக் குப்பையில் போடுகிற சத்தம்கூட அவனுக்குக் கேட்டது. ஒருவேளை வளர்மதிக்கே தெரியாமல் வேறு யாராவது இந்தக் கத்தியை எடுத்து, சுற்றி, வெட்டி... இல்லை. தன் கத்தியைத் தொட்டவன் விரலை நறுக்கிவிடுவேன் என்று சொல்கிறவள் அவள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிடி தப்பாக வர வழியில்லை, அதுதான் அவனைப் போட்டு அரித்தது. பிரான்சில் தியேர் என்கிற ஊரில் கத்திப் பட்டறையில் இருந்த காலம் முழுக்க அவன் பார்த்தது பிடியின் பின்பக்க வளைவு ஒன்றை மட்டும்தான். பெல்ட் ஓடும், பிடியைக் கொடுப்பான், திருப்புவான், பெட்டியில் போடுவான். மலை மேல் பனி, கீழே ஆற்றின் இரைச்சல், பெட்டியில் ஒரே மாதிரி ஆயிரம் பிடி. எந்தக் கைக்குப் போகிறது என்று அவனும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை. அம்மா இறந்துபோய், வீட்டைப் பூட்டி வைக்க மனசில்லாமல் ஊருக்கே திரும்பி வந்தபோது அவன் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே பிடிவாதம் இனிமேல் கையைப் பார்த்துத்தான் பிடி என்பது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி மைதா மாவு. அலகின் வாலில், பிடிக்குள் போகிற பகுதியில், கெட்டியாகப் பிசைந்த மாவை உருட்டி வைத்து, சமையல் செய்கிறவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்வது. விரல் எங்கே அமுங்குகிறது, உள்ளங்கை எங்கே தங்குகிறது எல்லாம் மாவில் விழுந்துவிடும், நிழலில் காயவைத்து அதைப் பார்த்து மரத்தில் இறக்குவது. வளர்மதி மாவைப் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது அப்படியொரு அச்சு. நாலு விரலும் வாய்க்கால் வெட்டின மாதிரி. இத்தனை சுத்தமாக யாருக்கும் விழுந்ததில்லை. அதை மனைவி ரெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினான், கோயில் தெருப் பேக்கரிக்காரருக்குக் காட்டினான், அந்த அச்சை வைத்துத்தான் இந்த நாலு பள்ளம். அச்சு பொய் சொல்லாது. வாய் சொல்லும், அச்சு எப்படிச் சொல்லும். அவன் தன் கையால் பிடியைப் பிடித்துப் பார்த்தான். தன் கை அவள் கையைவிடப் பெரியது, விரல்கள் பள்ளத்து விளிம்பில் ஏறி உட்கார்ந்தன, உறுத்தியது. உறுத்தத்தானே செய்யும், என் கைக்கா செய்தது. அப்புறம் எட்டையும் பார்த்தான். அந்த எட்டும் யார் கைக்கு, அந்தப் புதுக் கடையில் வேலைக்கு வரப்போகிற முகம் தெரியாத எட்டுப் பேர் கைக்கு, அவர்கள் கையெல்லாம் வளர்மதி கையா. இதை ஏன் அறுப்பதற்கு முன்னால் யோசிக்கவில்லை. முதலாளி கேட்டார் என்பது ஒரு பதிலா. பெட்டியில் ஒரே மாதிரி எட்டுப் பிடி.

வெளியே துணி உலர்த்துகிற இடத்தில் ரெஜினா போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு இல்லை, பேச்சின் ஏற்றஇறக்கம் மட்டும் வந்தது. எண்ணெய் போடுவதற்கு முன்னால் வளர்மதியின் பிடியில் அவன் உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்தினால் அவள் குரலும் தாழ்ந்தது. மறுபடி தேய்த்தான், குரல் ஏறியது. நிறுத்தினான். தாழ்ந்தது. தற்செயல்தான், காற்று. கடல் காற்று இந்த நேரத்தில் திரும்பும். போன வருஷம் ஐப்பசியில் பெரிய ஓட்டல் ஒன்றில் செஃப் ஒருத்தன் நாலு பேருக்கு நடுவில் அருளப்பன் செய்த கத்தியை ஏந்திக் காட்டி, இது வெட்டவா சார் இல்ல ஷோகேஸ்ல வைக்கவா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், அருளப்பனும் சிரித்தான், வீட்டுக்கு வந்து பட்டறைக் கதவைச் சாத்தினவன் மழைக்காலம் முடிகிறவரை திறக்கவில்லை. மாடி அறையில் படுத்துக்கொண்டான். சாப்பாட்டை ரெஜினா வாசலில் வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போவாள், சில நாள் அதை எறும்பு தின்றது. அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, எதிரே வந்தால் சுவரைப் பார்த்தான். அது அவள்மேல் கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் பூசைக்கு அவள் தனியாகப் போய்விட்டு வந்து, கேக்கைத் தட்டில் வைத்து, கதவுக்கு வெளியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். கேட்டது. கேட்டுக்கொண்டே படுத்திருந்தான்.

காப்பி கொண்டுவந்தாள். பெஞ்சில் இடம் ஒதுக்கி டம்ளரை வைக்கும்போது அவள் வலது கட்டைவிரல் நகத்தை அவன் பார்த்தான். நகக்கண்ணில் பிறை மாதிரிக் கறுப்பு. ரெஜினா எப்போதும் கொஞ்சம் நகம் வைத்திருப்பாள், கிழங்கு மீனுக்குச் செதில் எடுக்கக்கூட நகத்தைத்தான் நீட்டுவாள், அதற்காக எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறான். தவா கரியாக இருக்கலாம். அடுப்புத் துடைத்திருக்கலாம். தோட்டத்து மண்ணாக இருக்கலாம், இந்த வீட்டில் தோட்டம் என்று ஒரு கற்றாழைத் தொட்டி. “வளர்மதி குடுக்கும்போது என்ன சொல்லுச்சு?” என்று கேட்டான், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. அவள் டம்ளரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தாள். “என்ன சொல்லும், நல்லாருக்குன்னுதான் சொல்லுச்சு. சும்மா ஆயில் போட்டுக் குடுத்தாப் போதுமாம்.” சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்துக்கொண்டாள். காப்பி ஆறிடும்ங்க என்றாள். போகும்போது எட்டு அலகையும் ஒரு பார்வை பார்த்தாள், இன்னிக்கு ஒட்டிடுவீங்கல்ல என்று கேட்டாள், அந்தக் கேள்வியில் ஒரு கெஞ்சல் இருந்த மாதிரி, இல்லாத மாதிரி.

மதியம் வளர்மதி கத்தியைக் கொடுக்க வந்தபோது இவன் குளித்துக்கொண்டிருந்தான். வாசலில் கத்தியை வாங்கினது ரெஜினா. வாங்கி, கூடத்தில் நின்று, நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, சரசரவென்று... பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அது எங்கே கேட்கும். அப்படியானால் உரித்துக்கொண்டுவருகிறவள் வளர்மதி இல்லை. அப்படியானால் போன முறை. போன முறையும் வாசலில் வாங்கினது ரெஜினாதான். பேக்கரிக்காரர் தனக்குச் செய்து கொடுத்த கத்தியைப் பற்றி ஓகோ என்று சொன்னாரே, அதை அவரா சொன்னார், அவர் சொன்னதாக ரெஜினா சொன்னாள். சர்ச் பாதர் வீட்டுக் குசினியில் எல்லாரும் உங்க கத்தியத்தான் தேடுறாங்களாம், இதுவும் ரெஜினா. அவன் காதுக்கு நேராக வந்த நல்லாருக்கு எத்தனை என்று யோசித்தான், வளர்மதியினுடையது ஒன்று. அதையும் முன்னால் போய் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால். மனசு இப்படி ஓட ஆரம்பித்தால் நிற்காது, அவனுக்கே தெரியும், ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரில் ஒவ்வொரு வாசலிலும் ரெஜினா நிற்கிறாள், அவர் வந்தா ஒண்ணும் சொல்லிடாதீங்க, போன வருஷம் மாதிரி ஆயிடுவாரு. நேராகக் கேட்டுவிடலாம். நீதான் உரிச்சியா. ஆமா என்பாள். ஏன். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்பதை அவன் நினைக்கப் பார்த்தான், நினைவு அங்கே வந்து ஒவ்வொரு தரமும் மாடி அறைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. எறும்பு ஏறின தட்டு. பசை டியூப் இரண்டையும் கையில் எடுத்தான், மூடியைத் திறந்தான். கலந்துவிட்டால் யோசிக்க நேரம் கிடையாது, இறுகிவிடும், அது ஒரு நிம்மதி. ஒட்டிவிடலாம். எட்டும் போகட்டும், எட்டுக்கும் டேப் சுற்றிக்கொள்ளட்டும், வாசலில் உரித்துத் தர வீட்டில் ஆள் இருக்கிறது. ஆனால் புதுக் கடையில் யாரோ ஒரு பொண்ணு முதல் நாளே இந்தப் பள்ளத்தில் விரலைச் சொருகிக்கொண்டு கால் மூட்டை வெங்காயம் அரியப் போகிறாள். மூடியைத் திரும்பப் போட்டான். எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். ரெஜினா அங்கே இல்லை. கூடையிலிருந்து இரண்டு வெங்காயம், ஒரு துண்டு பூசணி எடுத்துவந்து பெஞ்சில் ஒரு பலகையைக் கழுவிப் போட்டு வைத்தான்.

ஸ்கூட்டி நிற்கிற சத்தம் கேட்டது. வளர்மதி ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்கே வந்தாள், மணியாச்சுண்ணா, இன்னிக்கி நூத்தம்பது பேருக்கு பார்ட்டி என்றாள், பலகையைப் பார்த்ததும் இன்னாண்ணா சமையலா பண்றீங்க என்று சிரித்தாள். எண்ணெய் ஊறியிருக்கிறதா பார்க்க வேண்டும், கொஞ்சம் வெட்டிக் காட்டு என்று அவன் சொன்னான், அதுவும் ஒரு பொய். அவள் வெட்டினாள். அவன் அலகைப் பார்க்கவில்லை. அவள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிடியில் இல்லவே இல்லை, முன்னால் ஏறி அலகையே கிள்ளிப் பிடித்திருந்தன. வெங்காயம் முடிந்து பூசணிக்கு வந்தபோது கை பின்னால் இறங்கியது, தோலைச் சீவும்போது ஒரு பக்கமாகத் திரும்பியது, விதையை வழிக்கும்போது இரண்டு விரல் மட்டும். கை ஓர் இடத்தில் தங்கவில்லை. நகர்கிற ஒவ்வொரு தரமும் பள்ளத்து விளிம்பில் ஏறி இறங்கியது, ஏறுகிற இடத்தில் அவள் ஒரு கணம் முகத்தைச் சுளிக்காமல் சுளித்தாள். சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலின் உட்பக்கம் தடித்துப்போய் ஒரு காய்ப்பு. இதை அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள், கத்தியை வைத்துவிட்டாள்.

“அன்னிக்கி மாவை ஏம்மா அவ்ளோ அழுத்திப் புடிச்ச?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, “நீங்கதானண்ணா கை அச்சு வேணும்னீங்க” என்றாள். “ரேஷன் கடையில மிஷின்ல வெச்சா எங்க ரேகை எடுக்காது, வெந்து வெந்து தேஞ்சிப்போச்சு. அழுத்து அழுத்துன்னு கத்துவான். அதான், உங்களுக்காச்சும் நல்லா விழட்டும்னு நல்லா அமுக்கிக் குடுத்தேன்.” சொல்லிவிட்டு, தப்பா என்பது மாதிரி அவனைப் பார்த்தாள்.

அவன் தன் விரல் நுனிகளைப் பார்த்தான். உப்புத்தாள் தின்று வழவழவென்று ஆன நுனிகள். ஊர் திரும்பின புதிதில் பதிவு ஆபீசில் அவனுக்கும் இதே கூத்துதான், கண்ணாடிமேல் பத்து விரலும் வைத்து வைத்து எடுத்தான், திரையில் ஒன்றும் விழவில்லை, உள்ளே இருந்த ஆள் பாஸ்போர்ட்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், இது நீதானா என்கிற பார்வை, அழுத்துங்க சார், இன்னும் அழுத்துங்க. ரத்தம் செத்து விரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினான். ஒரு பூசணித் துண்டை அப்படிப் பிடித்து யார் வெட்டுவார்கள். அவள் மாவில் கொடுத்தது ரேகை, வெட்டுகிற பிடி இல்லை. அவன் அதை மரத்தில் செதுக்கி எட்டாகப் பெருக்கி வைத்திருக்கிறான்.

“டேப்ப யாரு உரிச்சது?” என்று கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. வளர்மதி வீட்டுப் பக்கம் பார்த்தாள். கொல்லைக் கதவு பாதி திறந்திருந்தது, அங்கே புடவை முந்தானை ஒன்று இருந்து மறைந்தது. “நாந்தாண்ணா உரிச்சேன்” என்றாள், “வண்டியிலயே.” அவள் விரல்கள் பலகைமேல் இருந்தன. பத்து நகமும் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது, அவர்கள் சமையல்கட்டில் நகம் வைக்க விடமாட்டார்கள் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அந்த விரலால் சுவரில் ஒட்டின சோற்றுப் பருக்கையைக்கூடக் கிளப்ப முடியாது. சரி என்றான். அவள் இன்னும் நின்றாள். தயங்கித் தயங்கி, சுத்தினா நல்லா இருக்குதுண்ணா, பள்ளம் மூடிடுது, மத்தபடி அலகுல ஒரு குத்தம் சொல்ல முடியாது, இந்த ஊர்ல எவன்கிட்டயும் இந்த மாதிரி அலகு கெடையாது என்று சொன்னாள். அலகு தட்சிணாமூர்த்தி அடித்தது. அவளுக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது அருளப்பனுக்கு. அவன் சிரிப்பதைக் கேட்டு அவள் சேர்ந்து சிரிக்கவில்லை, பயந்த மாதிரி பார்த்தாள், ரெஜினா அவளிடம் எவ்வளவு சொல்லி வைத்திருக்கிறாள் என்பது அந்தப் பார்வையில் அவனுக்குத் தெரிந்தது. நாளைக்கு வேலை இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல், உங்கள் சமையல்கட்டுக்கு வந்து நின்று பார்க்கிறேன் என்றான். அய்ய, வேல இல்லாத நேரம் வந்தா இன்னா தெரியும், வேல நேரத்துல வாங்க, ஓரமா நிக்கணும், யாராவது திட்டினா கோச்சிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். ஸ்கூட்டி சத்தம் தெருமுனை திரும்புகிறவரை அவன் கேட்டான்.

வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. ரெஜினா கொல்லைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பட்டறைக் கதவு சாத்துகிற சத்தம் வருகிறதா என்று பார்க்கிறாள். எழுந்து போய்க் கதவைத் தட்டினால் என்ன செய்வாள், துணி மடிப்பதாகப் பாவனை செய்வாள். நகத்தைக் காட்டு என்று கேட்கலாம். பேக்கரிக்காரரிடம், பாதர் குசினியில், என்னென்ன சொல்லி வைத்தாய் என்று ஒன்றுவிடாமல் கேட்கலாம், அவள் சொல்லிவிடுவாள், சொல்லச் சொல்ல முகம் எப்படி ஆகும் என்று அவனுக்கு இப்போதே தெரிகிறது. வெளிச்சம் பெஞ்சிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. முரட்டு அரத்தை எடுத்தான், முதல் ஜோடிப் பலகையை வைஸில் மாட்டினான், முதல் பள்ளத்தின் விளிம்பில் அரத்தை வைத்து இழுத்தான், பூவரசின் சிவந்த தூள் கையில் விழுந்தது. உள்ளே ஒரு பாத்திரம் மெல்ல வைக்கப்பட்டது. இரண்டாவது இழுப்பு, மூன்றாவது. கதவு சாத்தாத பட்டறையிலிருந்து அரத்தின் சத்தம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாலு பள்ளமும் போய் பலகை வழவழப்பானபோது அவன் தீர்மானித்திருந்தான்: டேப்பைப் பற்றி ரெஜினாவிடம் கேட்பதில்லை, ராத்திரி சாப்பிட உட்காரும்போது பிடி சரியாக வரவில்லை என்று அவளிடம் தானே சொல்லிவிடுவது.